லூசோபோனியா விளையாட்டுப் போட்டிகள் ஏன் மூன்றோடு நின்றன?

மாண்டவிக்கரை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தமாகப் பனாஜிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழன் நான். 2014 ஜனவரி 18 முதல் 29 வரை கோவாவில் நடந்த மூன்றாவது லூசோபோனியா விளையாட்டுப் போட்டிகளில் தன்னார்வலராகப் பணியாற்றினேன். அண்மையில் பாம்போலிம் தடகள அரங்கின் வழியாகப் போனபோது, உடன் வந்த கல்லூரி மாணவரிடம் அந்தப் பன்னிரண்டு நாட்களைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒரு போட்டி நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. அந்த வருத்தமே இந்த இழையைத் தொடங்கத் தூண்டியது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதியை உள்ளடக்கியிருந்த ரோமானிய மாகாணம் லூசித்தானியா. அந்தப் பெயரிலிருந்து பிறந்த 'லூசோபோனியா' என்ற சொல், போர்த்துகீச மொழி வழங்கும் உலகம் முழுவதையும் குறிக்கிறது. 2004 ஜூன் மாதம் லிஸ்பனில் இந்நாடுகளின் ஒலிம்பிக் குழுக்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அச்சங்கத்தின் பொறுப்பில் 2006 அக்டோபரில் சீனாவின் மக்காவ் நகரிலும், 2009 ஜூலையில் லிஸ்பனிலும், பின்னர் கோவாவிலும் போட்டிகள் நடந்தன. நான்காவது போட்டி 2017-இல் மொசாம்பிக்கில் நடப்பதாக இருந்தது, நடக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கும் நடக்கவில்லை.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன். ஒருநாள் பிற்பகல், அரங்கத்தின் வாயிலருகே, எழுபது வயதைக் கடந்த கோவா முதியவர் ஒருவர் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ தோமேயின் அணிச் சீருடையில் வந்த இளம்பெண்ணை நிறுத்திப் போர்த்துகீசத்தில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் தோளில் கிடந்த பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் நின்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தன்னார்வலர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. 1961 டிசம்பர் 19-ஆம் நாள் போர்த்துகீசர் ஆட்சி முடிவதற்கு முன் அந்த மொழியில் பள்ளிப்படிப்பு படித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த முதியவர். 1900-இல் போர்த்துகீச நாளிதழாகத் தொடங்கிய 'ஓ ஹெரால்டோ'கூட 1983-இல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட ஊர் இது.

மொழியின் பெயரால் நடந்த போட்டியில், அந்த மொழியைப் பேசும் உள்ளூர்க்காரர்கள் பார்வையாளர் வரிசையில் மட்டுமே இருந்தார்கள். மூன்றோடு நின்றதற்கு இதுதான் காரணமா, இல்லை வேறு காரணமா? மீண்டும் நடத்தும் தகுதி இதற்கு உண்டா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

வடகாற்று எழுதியது:

நல்ல இழை, ஐயா. ஆனால், மொழியைக் குறை சொல்வதற்கு முன் நிலப்படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டி, கினி பிசாவ், சாவோ தோமே பிரின்சிபி, கிழக்குத் திமோர், மக்காவ் ஆகிய ஒன்பது உறுப்பினர்களில் ஒன்றோடொன்று நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டைக்கூட நீங்கள் காட்ட முடியாது. இணை உறுப்பினர்களான இந்தியா, இலங்கை, எக்குவடோரியல் கினி ஆகிய மூன்றைச் சேர்த்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. நான்கு கண்டங்களில் கடலுக்குக் கடல் சிதறிக் கிடக்கும் நாடுகள் இவை. அண்டை நாட்டுக்குப் பேருந்தில் அணி அனுப்பும் வசதி எவருக்கும் இல்லை. கினி பிசாவின் ஒரு கால்பந்து அணி கோவா வந்து திரும்புவதற்கு ஆகும் விமானச் செலவு, அந்நாட்டின் விளையாட்டுத் துறைக்கு எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பணம். 1930-இல் தொடங்கிய காமன்வெல்த் போட்டிக்குப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எனச் செலவைத் தாங்கும் செல்வ நாடுகள் பல உண்டு. அதையே நடத்த முடியாமல் 2023-இல் விக்டோரியா மாநிலம் கைவிரித்ததையும், 2026 போட்டியை கிளாஸ்கோ சிறிய அளவில் ஏற்றுக்கொண்டதையும் பார்த்தோம். லூசோபோனியாவில் செலவைத் தாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? போர்ச்சுகல் 2011-இல் 7800 கோடி யூரோ மீட்புக் கடன் வாங்கி, சிக்கனத்தில் சிக்கிக் கிடந்தது. பிரேசிலின் கவனம் 2014 உலகக் கோப்பையிலும் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் இருந்தது. எண்ணெயை நம்பிய அங்கோலாவின் வருவாய் 2014-இல் விலை சரிந்ததும் சரிந்தது. மொசாம்பிக்கில் 2016-இல், நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் அரசு உத்தரவாதத்துடன் வாங்கப்பட்ட பெருங்கடன்கள் அம்பலமாயின. அதையடுத்துப் பன்னாட்டு நாணய நிதியமும் உதவி நாடுகளும் பண உதவியை நிறுத்தின. அதற்கு அடுத்த ஆண்டுதான் நீங்கள் சொல்லும் நான்காவது போட்டி நடந்திருக்க வேண்டும்.

பொதுவான மொழி இல்லாததால் எந்தப் போட்டியும் நின்றதாக நான் அறியவில்லை. பணமும் தொலைவும்தான் இதை நிறுத்தியிருக்கின்றன.

---

மட்டுநகரான் எழுதியது:

வடகாற்று சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் மாண்டவிக்கரை ஐயா தொட்ட இடத்தை அவ்வளவு விரைவாகக் கடந்து போவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். 1505-இல் கொழும்பில் கரையிறங்கிய போர்த்துக்கேயர், 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658-இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்ததோடு இத்தீவை விட்டு நீங்கினார்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அப்படியிருந்தும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்றும் பேசப்படுகிறது. தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. என் பாட்டனார் வீட்டுக்கு நேர் எதிரே அப்படி ஒரு குடும்பம் இருந்தது. கலியாண வீட்டில் வயலின் எடுத்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை இசைக்கத் தொடங்கினால், கதிரையில் இருக்கும் கிழவிகள்கூட எழுந்து வந்து ஆடுவார்கள். 2004 ஆழிப்பேரலையில் டச்பார் கரையில் அந்தச் சமூகம் பட்ட அழிவு சொல்லி மாளாது.

இந்தப் போட்டிகளில் இலங்கைக்கு இணை உறுப்பினர் இடம் கிடைத்ததற்கு வரலாற்று அடிப்படை இந்த மக்கள்தாம். ஆனால் இலங்கை என்ற பெயரில் அணி புறப்பட்டபோது, அது கொழும்பில் தேர்வான வழமையான தேசிய அணியாகவே இருந்தது. அது இயல்பானது, அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனாலும் மொழியைக் காட்டி வாசலைத் திறந்துவிட்டு, அந்த மொழியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அந்தப் போட்டி நின்றுபோகும்போது அதற்காக வருந்தவும் ஆள் இருக்காது. 2006-இலோ 2009-இலோ எங்கள் ஊர்ப் பறங்கிப் பிள்ளைகளில் நால்வரை மொழிபெயர்ப்பாளராகவாவது அழைத்துப் போயிருந்தால், இன்று அந்தப் போட்டியைப் பற்றிப் பேச நாலு வீடுகள் இருந்திருக்கும்.

தமிழர்களாகிய நமக்கும் இது தூரத்து விடயம் அல்ல. சாவி, சன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவை. எங்கள் பக்கத்தில் பாண், சப்பாத்து, குசினி என்று இன்னும் கூடுதலாக உண்டு. காலையில் எழுந்து குசினிக்குப் போய்ப் பாண் வெட்டும் எந்த மட்டக்களப்பானும் அரைகுறைப் போர்த்துக்கேயன்தான் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார்.

---

தென்சீனக்கடல் எழுதியது:

முதல் போட்டி ஏன் லிஸ்பனிலோ ரியோவிலோ தொடங்காமல் மக்காவில் தொடங்கியது என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஹாங்காங்கில் பல ஆண்டுகள் பணியாற்றி, வார விடுமுறைகளில் படகேறி மக்காவ் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1999 டிசம்பர் 20-இல் போர்ச்சுகல் மக்காவைச் சீனாவிடம் ஒப்படைத்தது. போர்த்துகீசம் அங்கு இன்றும் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தெருப் பலகைகளில் நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் எழுதியிருக்கும், அரசாணைகளிலும் இருக்கும். ஆனால் சந்தையில் காது கொடுத்துக் கேட்டால் கண்டோனீயம்தான். சீனா அந்த மொழியை ஒரு பாலமாகப் பார்த்தது. 2003-இல் போர்த்துகீச நாடுகளுடனான பொருளாதார, வணிக ஒத்துழைப்புக்கென மக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. 2004-இல் விளையாட்டுச் சங்கம், 2006-இல் முதல் போட்டி. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போக்கு தெளிவாகும்.

அதோடு மக்காவுக்கு ஒரு தனிக் குறையும் உண்டு. அங்குள்ள ஒலிம்பிக் குழுவைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அங்கீகரிக்கவில்லை. ஹாங்காங் வீரர்கள் தங்கள் கொடியோடு ஒலிம்பிக்கில் நடக்கும்போது, ஒரு மணி நேரப் படகுத் தொலைவில் இருக்கும் மக்காவ் வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் இதுபோன்ற வட்டாரப் போட்டிகளும்தாம் அவர்களுக்கு உயர்ந்தபட்ச மேடை. ஆகவே 2005-இல் கிழக்காசியப் போட்டி, 2006-இல் லூசோபோனியா, 2007-இல் ஆசிய உள்ளரங்கப் போட்டி என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஏற்று நடத்தினார்கள். கோட்டாய் பகுதியில் கட்டிய பெரிய உள்ளரங்கத்துக்கும் தொடர்ந்து வேலை இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு முறையும் இந்தப் போட்டியை நடத்தியது ஏற்று நடத்தும் ஊரின் தேவை. மக்காவுக்கு ஒரு தேவை இருந்தது. தன் பழைய குடியேற்ற நாடுகளோடு புதிய உறவைக் காட்ட வேண்டிய தேவை லிஸ்பனுக்கு இருந்தது. அரங்கங்கள் கட்டிக்கொள்ள கோவாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மூன்று தேவைகளும் தீர்ந்தன. நான்காவதாக ஒருவருக்குத் தேவையும் பணமும் ஒரே நேரத்தில் வாய்க்கவில்லை.

---

ஓடுதளம் எழுதியது:

உடற்கல்வி ஆசிரியையாக இருபது ஆண்டுகள் பணியாற்றியவள் நான். அனைவரும் அரசுகளின் தேவையைப் பேசுகிறீர்கள். ஆடுகிறவர்களின் தேவையை யாரும் பேசவில்லை.

சாவோ தோமே பிரின்சிபி என்ற நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம், நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. அது ஒலிம்பிக்குக்கு அனுப்பும் வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் சிறிய நாடுகளுக்கென ஒதுக்கப்படும் சிறப்பு இடங்களில் போகிறார்கள். ஓர் ஓட்டக்காரி நான்காண்டுகள் உழைத்து, இரண்டு விமானம் மாறிப் போய், முதல் சுற்றில் பன்னிரண்டு நொடி ஓடுகிறாள், பிறகு ஊர் திரும்புகிறாள். தனியாள் விளையாட்டிலாவது இந்த வழி இருக்கிறது. கூடைப்பந்திலோ கைப்பந்திலோ கால்பந்திலோ அத்தகைய நாட்டின் அணி ஒலிம்பிக் களத்தில் நிற்பதைக் கனவிலும் நினைக்க முடியாது.

இப்போது லூசோபோனியாவின் பட்டியலைப் பாருங்கள். மக்காவில் எட்டு விளையாட்டுகள்: தடகளம், கூடைப்பந்து, கால்பந்து, ஃபுட்சால் (ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து), கைப்பந்து, கடற்கரைக் கைப்பந்து, மேசைப்பந்து, டேக்வாண்டோ. லிஸ்பனில் ஜூடோ சேர்ந்தது. கோவாவில் ஃபுட்சால் நீங்கி வூசூ என்ற சீனத் தற்காப்புக் கலை வந்தது. எங்கே நடந்தாலும் பட்டியலில் ஏறத்தாழப் பாதியாவது குழு விளையாட்டுகள்தாம். ஒரு சிறிய நாட்டின் பன்னிரண்டு இளைஞர்கள் ஓர் அணியாக நான்கைந்து ஆட்டங்கள் ஆடி, தோற்ற ஆட்டத்துக்கு மறுநாளே இன்னொரு ஆட்டத்துக்காகக் காலணியைக் கட்டுகிற பயிற்சி வேறெங்கே கிடைக்கும்? குழு என்பது தோல்விக்குப் பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து பேசித்தான் உருவாகிறது. முதல் சுற்றோடு திரும்பும் தனி வீராங்கனைக்கு அது கிடைப்பதில்லை.

மொசாம்பிக்கின் மரியா முட்டோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாபுட்டோவில் பையன்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண். கவிஞர் ஜோசே கிராவெய்ரின்யாவின் கண்ணில் பட்டு ஓட்டத்துக்குத் திருப்பப்பட்டார். 1996-இல் அட்லாண்டாவில் வெண்கலம், 2000-இல் சிட்னியில் 800 மீட்டரில் தங்கம். அந்நாட்டின் ஒலிம்பிக் பதக்கங்கள் அந்த இரண்டுதாம். இத்தகைய பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள். கண்ணில் படுவதற்கு ஒரு மேடை வேண்டும் அல்லவா?

---

வடகாற்று எழுதியது:

ஆசிரியை அம்மா அவர்களின் குழு விளையாட்டு வாதம் நான் எண்ணிப் பார்க்காத கோணம், அதை ஏற்கிறேன். ஆனால் முட்டோலாவை இங்கே சான்றாக வைக்க இயலாது. அவர் தங்கம் வென்றது 2000-இல், இந்தப் போட்டிகள் தொடங்கியது 2006-இல். அவரை உயர்த்தியது ஒலிம்பிக் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போய்ப் பெற்ற கல்வியும் பயிற்சியும். அதேபோல் கேப் வெர்டியின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2024 பாரிஸில் குத்துச்சண்டை வீரர் டேவிட் டி பினா வென்றார். குத்துச்சண்டை லூசோபோனியாவில் இருந்ததே இல்லை. ஐந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்நாடு 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றதும் ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றுகளில் ஆடித்தான்.

இன்னொன்று. இந்த நாடுகளின் திறமைசாலிகள் நெடுங்காலமாக லிஸ்பனை நோக்கியே போயிருக்கிறார்கள். 1966 உலகக் கோப்பையில் ஒன்பது கோல்கள் அடித்துப் போர்ச்சுகலின் பெயரை நிலைநாட்டிய யூசேபியோ பிறந்தது இன்றைய மாபுட்டோவில். 2008-இல் பெய்ஜிங்கில் மும்முறைத் தாண்டலில் போர்ச்சுகலுக்குத் தங்கம் வாங்கித் தந்த நெல்சன் எவோரா கேப் வெர்டி வழியினர். இப்படி ஒரு போட்டியில் திறமை கண்ணில் பட்டால், அது தாய்நாட்டுக்குப் பயன்படுமா, லிஸ்பன் மன்றங்களுக்குப் பயன்படுமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

---

ஓடுதளம் எழுதியது:

முட்டோலா குறித்த காலப்பிழையைச் சுட்டியதற்கு நன்றி. அந்தச் சான்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உங்கள் சான்றுகளே என் பக்கம் திரும்பி நிற்கின்றன. கேப் வெர்டிக்கு ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்று என்ற தொடர் மேடை இருந்தது, அதில் ஆடி ஆடித்தான் உயர்ந்தது. கால்பந்து அல்லாத விளையாட்டுகளில் அந்தத் தொடர்ச்சிதான் இல்லை என்கிறேன். பிள்ளைகள் லிஸ்பனுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தால் மேடையை மூடிவிடுவது, படித்தால் வெளியூர் போய்விடுவார்கள் என்று பள்ளியை மூடுவதைப் போன்றது.

---

மாண்டவிக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுப்பாக விவாதிக்கிறீர்கள் என்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. முதல் பதிவில் நான் மொழியின் மேல் அளவுக்கு அதிகமாகப் பழி போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோவாவைப் பொறுத்தவரை தென்சீனக்கடல் சொன்னது உண்மை. அரங்கங்களே இங்கு முதன்மையாக இருந்தன. போட்டி முதலில் 2013 நவம்பரில் நடப்பதாக அறிவிக்கப்பட்டு, கட்டுமானம் முடியாததால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நாங்கள் பயிற்சிக்குச் சென்ற நாளில்கூட நுழைவாயிலின் கம்பிகளில் பச்சை வண்ணம் காயவில்லை. என் சட்டைக் கையில் ஒட்டிய கறை பல மாதங்கள் போகவில்லை.

அந்தக் கட்டடங்கள் வீண்போகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஃபட்டோர்டா அரங்கம் ஆறு களங்களுள் ஒன்றாக இருந்தது. பலமுறை தள்ளிப்போன தேசிய விளையாட்டுப் போட்டிகளும் 2023-இல் கோவாவில் நடந்தேறின.

பதக்கப் பட்டியல் குறித்து ஒரு சொல். முதல் இரண்டு போட்டிகளிலும் முதலிடம் பெற்றது பிரேசில். கோவாவில் இந்தியா 37 தங்கத்தோடு 92 பதக்கங்கள் வென்று முதலிடம் பிடித்தது. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். இன்று யோசிக்கையில், போர்த்துகீசம் ஆட்சிமொழியாகவே இல்லாத ஒரு பெரிய நாடு, இணை உறுப்பினராக வந்து பட்டியலின் உச்சியில் அமர்ந்தது அந்தப் போட்டியின் பொருளைக் குறைத்துவிட்டதோ என்று தோன்றுகிறது. கால்பந்தில் மட்டும் அந்த எண்ணம் வரவில்லை. அங்கே இந்தியாவுக்காக ஆடியது கோவாப் பையன்களின் அணி. இறுதியாட்டத்தில் மொசாம்பிக்கை வென்றபோது ஃபட்டோர்டாவில் எழுந்த ஆரவாரம், நான் இந்த மாநிலத்தில் கேட்டவற்றுள் தனியானது. தங்கள் ஊர்ப் பெயரோடு உலகத்தின் முன் ஆடும் வாய்ப்பு கோவாக்காரர்களுக்கு அதற்கு முன் எப்போது கிடைத்தது?

---

மட்டுநகரான் எழுதியது:

நீங்கள் கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் விடை இருக்கிறது, ஐயா. கோவா ஆடியபோது ஊர் எழுந்து நின்றது. அப்படியானால் இணை உறுப்பினர்கள் நாடாக வராமல் ஊராக வரலாமே! இந்தியாவிலிருந்து கோவாவும் டாமனும் டையூவும், இலங்கையிலிருந்து மட்டக்களப்பும் திருகோணமலையும் வரட்டும்.

போர்த்துக்கேய மொழி நாடுகளின் சமூகம் என்று 1996-இல் தொடங்கிய அரசுகளின் அமைப்பும் இருக்கிறது. அதன் நாடுகளுக்கிடையே இளையோர் விளையாட்டுப் போட்டிகளும் நடந்து வருகின்றன. 2016-இல் கேப் வெர்டியின் சால் தீவிலும் 2018-இல் சாவோ தோமேயிலும் நடந்தன. அதாவது, சிறிய நாடுகளே ஏற்று நடத்த இயன்றது. ஆனால் அந்தச் சமூகத்தில் மக்காவும் இலங்கையும் உறுப்பினர் அல்ல. இந்தியா 2021-இல் இணைப் பார்வையாளராக மட்டும் சேர்ந்திருக்கிறது. நின்றுபோன போட்டியின் அகன்ற வாசலையும் நடந்துகொண்டிருக்கும் போட்டியின் சிறிய செலவையும் ஒன்றாக்க முடியாதா?

---

வடகாற்று எழுதியது:

ஊர் அணிகள் என்ற யோசனையைத் தேசிய ஒலிம்பிக் குழுக்கள் எளிதில் ஏற்கமாட்டா. தேர்வு அதிகாரத்தை விட்டுத்தர எவருக்கும் மனம் வராது. ஆனால் இளையோர் போட்டியோடு இணைப்பது செலவின் அடிப்படையில் நடக்கக்கூடியது. இதுவரை கேட்டவற்றுள் என்னால் எதிர்க்க முடியாத முதல் யோசனை இது.

---

ஓடுதளம் எழுதியது:

அப்படியானால் அளவைப் பேசுவோம். இருபது வயதுக்குட்பட்டவர்கள், நான்கே விளையாட்டுகள்: கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, தடகளம். புதிய அரங்கம் கட்டக்கூடாது என்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும். மாபுட்டோவில் 2011 ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய சிம்பெத்தோ அரங்கம் இருக்கிறது, கோவாவில் இருக்கிறது, மக்காவில் இருக்கிறது. தொடக்க விழாவுக்குச் செலவிடும் தொகையைக் கினி பிசாவுக்கும் திமோருக்கும் விமானச் சீட்டாகக் கொடுக்கலாம். ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது நான்கு ஆட்டங்கள் உறுதி செய்யப்பட வேண்டும். தோற்றால் வெளியேற்றம் என்ற முறை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

---

மாண்டவிக்கரை எழுதியது:

அந்த நான்கு ஆட்டங்களை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்கிறேன், அம்மா.

முதல் பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. வாயிலருகே பேசிக்கொண்டிருந்த அந்த முதியவரிடம், அந்தப் பெண் போன பிறகு, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவளுடைய ஊரில் மழை எப்போது பெய்யும், வீட்டில் எத்தனை பேர், கோவா மீன்குழம்பு பிடித்ததா என்று கேட்டதாகச் சொன்னார். தன் மனைவி இறந்த பிறகு அந்த மொழியில் தன்னோடு இவ்வளவு நேரம் பேசியவர் அந்தப் பெண் ஒருத்திதான் என்றும் சொன்னார். மறுநாளும் அதே நேரத்தில், தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்து வந்து, வாயிலருகே நின்றார். சாவோ தோமே அணிக்கு அன்று அங்கே போட்டி இல்லை. அதை நான் அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, அங்கோலா பிள்ளைகளாவது வருவார்களா என்று கேட்டார்.